கன்னத்தில் குத்தும் கம்பி

ஜூன் 3, செவ்வாய்

இன்று ‘சிறப்புப் பேருந்து’ என்று நிலைய அறிவிப்பு மைக்கில் எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறையும் காற்று கம்பிக்கு நடுவே புகுந்து சீறியது. கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்குமா? கேட்காமலா? அதற்குத்தானே தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள்.

கம்பி போட்டு மூன்று வாரம் ஆகிறது. நாற்பத்தேழு வயதில் பல்லுக்குக் கம்பி. தம்பியிடம் போனில் சொன்னபோது, “இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த ஆசையெல்லாம்?” என்று சிரித்தான். ஆசையாம். கீழ்ப்பற்கள் முட்டி முட்டி மேலே முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. இப்படியே விட்டால் சில வருஷத்தில் கையோடு வந்துவிடும் என்று பல் டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். முன்பல் போனால் பேச்சு போச்சு. பேச்சு போனால் மைக் போச்சு. மைக்கும் போனால் எனக்கு என்ன இருக்கிறது? அதையெல்லாம் அவனுக்கு விளக்குவானேன் என்று, “ஆமாடா, அழகிப் போட்டிக்குப் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மைக்கின் சிவப்பு விளக்கு இன்றும் எரியவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே போய் நின்று மைக் திறக்கும், மறுபடி அழுத்தினால் வெளியே வந்து மைக் அணையும். விளக்கு இருந்தால்தான் பேச்சு வெளியே போகிறதா என்று பார்த்தவுடன் தெரியும். மின்சாரம் பார்க்கிறவர், “பாத்துக்கலாம் மேடம்” என்கிறார். அவர் பார்ப்பதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

ரொட்டியின் ஓரத்தைக் கடித்துவிட்டேன். துண்டு துண்டாக நறுக்கித்தான் சாப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பசி கேட்டால்தானே. கம்பியைப் பல்லோடு கட்டியிருக்கும் குட்டி ரப்பர் வளையம் ஒன்று தெறித்துவிட்டது. எந்தப் பல்லில் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஒரு கையில் டார்ச். ஒரு கையில் சின்னக் கண்ணாடி. கன்னத்தை யார் இழுத்துப் பிடிப்பது? கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டு அதைத் தோளால் தாங்கிப் பார்த்தேன். டார்ச் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. எவனாவது பார்த்திருந்தால் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊரைக் கூட்டியிருப்பான்.

கிளினிக்கில் கொடுத்த தாளில் அவசரத்துக்கு என்ன செய்வது என்று போட்டிருக்கிறது. குத்தினால் மெழுகு உருட்டி ஒட்டவும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவும். வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லவும்.

வீட்டில் உள்ள ஒருவர் நான்தான். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

நிலைய மேலாளர் மாடிப்படி ஏறி மேலேயே வந்துவிட்டார். அவர் ஏறி வந்தால் நல்ல சேதி இருக்காது. புகார் வந்திருக்கிறதாம். அறிவிப்பு சொல்கிற அம்மா எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டே பேசுகிறார் என்று எவரோ எழுதிப் போட்டிருக்கிறார்.

வாயைத் திறந்து காட்டினேன். அவர் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரிம்மா சரிம்மா. புரியுது. ஆனா ஏற்கெனவே பதிவு பண்ண குரலைப் போடலாம்னு மேல பேச்சு ஓடிட்டிருக்கு. இந்த நேரத்துல இப்படி ஒரு புகார் வந்தா நான் என்ன சொல்றது? கொஞ்சம் தெளிவாப் பேசப் பாருங்க.”

தெளிவாம். என் தெளிவுக்காகத்தான் இந்த நாற்காலியில் இவ்வளவு காலம் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. அதைச் சொல்லவில்லை. “சரிங்க சார்” என்றேன். என்ன பிழைப்பு.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து எல்லா வழித்தடத்தையும் முதலிலிருந்து சொல்லிப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஜூன் 11, புதன்

அந்த நடத்துநர் பெண் இன்று மறுபடியும். நான் மேலே அறிவிப்பைத் தொடங்குகிறேன், அவள் கீழே படியில் தொங்கிக்கொண்டு தன் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறாள். மைக் இல்லாமலே நிலையம் முழுக்கக் கேட்கிறது. எல்லாரும் அவளை சைரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டப்பெயரைக் கேட்டு அவளுக்குப் பெருமை வேறு. ஜன்னலைத் திறந்து, “நான் பேசறது கேக்குதா இல்லையா?” என்றேன். “கேக்குதுக்கா, நீங்க சொல்லுங்க!” என்று கத்தினாள். அனுமதி கொடுக்கிறாளாம் மகராணி.

ஜூன் 14, சனி

மேல் வரிசைக் கம்பியின் நுனி இடது பக்கம் கடைவாய்ப் பல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டு கன்னத்தில் குத்துகிறது. பேசினால் குத்துகிறது. பேசாமல் இருந்தாலும் குத்துகிறது. பென்சிலின் ரப்பர் முனையால் தள்ளிப் பார்த்தேன். மடங்கினாற்போல மடங்கி மறுபடி நிமிர்கிறது. மெழுகு உருட்டி வைத்தால் எச்சிலில் நழுவித் தொண்டைக்குப் போகிறது.

கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

உப்புத் தண்ணீர். கஞ்சி. உப்புத் தண்ணீர்.

ஜூன் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலைப் பணி. ஒரு அறிவிப்பு சொல்லி முடித்தேன். அடுத்ததற்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. கிளினிக் திறந்திருக்குமே என்று போனை எடுத்தேன். உதவியாளப் பெண் எடுத்தாள். டாக்டரம்மா வெளியூரில் ஏதோ முகாமாம், புதன்கிழமைதான் வருவார் என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொட்டித் தீர்த்துவிட்டேன்.

“மெழுகு நிக்க மாட்டேங்குதும்மா... தள்ளியும் பாத்துட்டேன்... எங்க குத்துதுன்னு எனக்கே தெரியல... வீட்டுலயா? வீட்டுல யாரு இருக்கா? எங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வாயை ஒருத்தரும் எட்டிப் பாத்ததில்ல... பக்கத்து வீட்டுல போய் ஆன்னு காட்டச் சொல்றியா? நான் செத்துக் கிடந்தாலே நாத்தம் வந்தாத்தான் தெரியும், இதுல வாயை எவ பாக்கறது?” சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

போனை வைத்தேன். என்னமோ அமைதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். காலை நேரத்தில் அப்படி அமைதி இருக்கவே இருக்காது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன்.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைத் தூக்கியவன் தூக்கியபடி. ஓட்டுநர்கள் கதவைத் திறந்து இறங்கி நிற்கிறார்கள். டீ ஊற்றுகிறவர் கேத்தலைச் சாய்த்தபடியே பார்க்கிறார்.

பட்டனைத் தொட்டேன். உள்ளே இருந்தது.

ஐயோ. ஐயோ. எவ்வளவு நேரமா உள்ளே இருந்துச்சு? எல்லாமே போயிருக்கு. நாத்தம் வரைக்கும். சிரிச்சது வரைக்கும். அந்தப் பெண் பேசினது யாருக்கும் கேட்டிருக்காது, நான் ஒருத்தி மட்டும் தனியாப் புலம்பினதுதான் எல்லாத் தூணிலேயும் கேட்டிருக்கு. மானம் கப்பலேறிப் போச்சு. பூமி பிளந்து உள்ளே போயிடலாம்னு இருந்துச்சு.

ஆனால் அடுத்த வண்டிக்கு நேரம் ஆகிவிட்டது. சொல்லித்தானே ஆக வேண்டும். பட்டனை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே அழுத்தி, “பயணிகளின் கவனத்திற்கு” என்றேன். கீழே ஒருவன் கை தட்டினான். படுபாவி.

சொல்லி முடித்து பட்டனை வெளியே எடுப்பதற்கும் அறைக் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. சைரன். கதவைத் தட்டவில்லை. கையில் டார்ச்.

“வாயைத் திறங்கக்கா. எங்க குத்துதுன்னு பாக்கறேன். என் தங்கச்சிக்கும் கம்பி போட்டிருந்தோம், எனக்குத் தெரியும்.”

“நீங்க யாரு என் வாயைப் பாக்க?”

“யாருமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“வெளிய போங்க.”

“அக்கா, நான் என்ன—”

“போங்கன்னு சொல்றேன்ல!”

போனாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அவளிடம் அப்படி எரிந்து விழுந்திருக்க வேண்டாம். விழுந்தேன். அவள் முகத்தில் பாவம் பார்க்கிற அந்தப் பார்வை இருந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டேன். போட்டிருக்கக் கூடாது. வேலைக்குப் போயிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

எவளும் எட்டிப் பார்க்க வேண்டாம், நானே வெட்டிக்கொள்கிறேன் என்று நகவெட்டியை வெந்நீரில் போட்டுக் கழுவி எடுத்தேன். கிளினிக் தாளில், வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டு விழாமல் துணியை உள்ளே வைத்துக்கொள்ளவும், இன்னொருவர் உதவியோடு மட்டும் செய்யவும் என்று போட்டிருந்தது. இன்னொருவர்! தாளை மடித்து ஓரமாக வைத்தேன்.

டக் என்று சத்தம். வெட்டுப்பட்டது. துண்டைக் காணோம். துணியில் இல்லை. நாக்கில் இல்லை. வாஷ்பேசினில் இல்லை. முழுங்கிட்டேனா? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

“டேய், கம்பித் துண்டை முழுங்கிட்டேன்னு நெனைக்கிறேன்.”

“என்னக்கா சொல்ற? உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நான் இப்ப ஒரு மீட்டிங்ல இருக்கேன். போயிட்டு எனக்குச் சொல்லு.”

அவன் தப்பு ஒன்றுமில்லை. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறவன் வேறென்ன சொல்வான். ஆனாலும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இருமல் வருகிறதா, மூச்சு அடைக்கிறதா என்று எனக்கு நானே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு.

ஆட்டோ பிடித்துப் போனேன். அவசரப் பிரிவு டாக்டர் சின்னப் பையன்.

“கூட யாரு வந்திருக்கீங்க?”

“ஏன், ரெண்டு பேரு வந்தாத்தான் பாப்பீங்களா?”

அவன் சீட்டில் எதையோ எழுதினான். படம் எடுத்தான். வயிற்றில் ஒரு சின்னக் கோடு. பின்னல் ஊசி நுனி அளவுகூட இல்லை. தானாக வெளியே போய்விடும், வயிறு வலித்தால் மட்டும் வாருங்கள் என்றான். உயிர் போய் உயிர் வந்தது. அவனை அப்படிக் கடித்துக் குதறியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

தம்பிக்கு, ‘ஒன்றுமில்லை’ என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது.

ஜூன் 18, புதன்

பல் டாக்டரம்மாவிடம் நல்ல வசவு. எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயசுதான் இருப்பார், ஆனால் திட்டும்போது பள்ளிக்கூட டீச்சர்.

“நகவெட்டியா? யாராவது நகவெட்டியால கம்பி வெட்டுவாங்களா? மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா?”

நுனியை ஒழுங்காக வெட்டி மழமழவென்று ஆக்கிவிட்டார். பல் நகர நகர, கம்பி பின்பக்கம் மிஞ்சுமாம். “அப்படின்னா பல்லு நல்லா நகருதுன்னு அர்த்தம். சந்தோஷப்படுங்க.”

சரி, சந்தோஷப்பட்டாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

வேலைக்குத் திரும்பினேன். மேஜைமேல் விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ‘பழுதான விளக்கைப் பற்றி முன்பே தெரிவித்துள்ளேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கு இப்போது பளிச்சென்று எரிகிறது. என் மானத்தைக் காவு வாங்கிவிட்டுத்தான் எரிவேன் என்று இருந்திருக்கிறது.

தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிடலாம் என்று பார்த்தேன். விடுகிறார்களா? பெருக்குகிற அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, “குத்தறது நின்னுச்சா?” என்றார். டீக்கடைக்காரர் கேட்காமலே டீயை ஆற்றிக் கொடுத்தார். ஒரு ஓட்டுநர், இத்தனை வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, படிக்கட்டில் வழிமறித்து வாயை ஆவென்று திறந்து காட்டினார். கீழ்வரிசையில் மூன்று பல் இல்லை. “எனக்கு எப்பவோ போயிடுச்சு மேடம். நீங்களாவது விட்ராதீங்க.” எனக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை.

சைரன் மட்டும் மேலே பார்க்கவே இல்லை. தன் வண்டிக்கு ஆள் கூப்பிட்டாள், ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

வந்தே விட்டது. அடுத்த மாதத்திலிருந்து பதிவு செய்த குரல்தான். நேரத்துக்கு நேரம் இயந்திரமே சொல்லிக்கொள்ளும். அறிவிப்பாளர் நாற்காலி இனி கிடையாது. என்னை விசாரணைக் கவுண்டருக்கு மாற்றுவார்கள்.

இதைச் சொல்ல ஏறி வந்த மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“ஆனா ஒண்ணும்மா. பதிவுக்கு உங்க குரல்தான் வேணும்னு மேல கேக்கறாங்க. உங்க பழைய குரல். ஜனங்களுக்குப் பழகிப்போன குரல் பாருங்க. எல்லாத்தையும் பேசிப் பதிவு பண்ணிட்டா காலத்துக்கும் உங்க குரல்தான் இங்க கேக்கும். அதுக்குள்ள அந்தக் கம்பியை மட்டும் கழட்டிட்டு வந்துடுங்க.”

“கழட்டாம பண்ண முடியாதா சார்?”

“புகார் வந்ததும்மா. ஸ்டுடியோவுக்கு நாள் குறிச்சாச்சு, தள்ள முடியாது.”

காலத்துக்கும் என் குரல். நாற்காலி இல்லாவிட்டால் போகிறது. நான் கவுண்டரில் கிடந்தாலும் குரல் மேலே இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும். நேற்று வரை இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. இன்று கேட்டபிறகு விட முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

டாக்டரம்மாவிடம் கேட்டேன். கழற்றிவிட்டு, பதிவு முடிந்ததும் மறுபடி போட முடியாதா?

“போடலாம். ஆனா உங்க முன்பல்லு ரெண்டும் இப்ப நடுவழியில நிக்குது. சுத்தி எலும்பு இளகித்தான் பல்லு நகரும். இப்போ பிடிமானத்தை எடுத்தா எவ்வளவு ஆடும்னு என்னால சொல்ல முடியாது. உங்க விஷயத்துல நான் எடுக்க மாட்டேன். நீங்க எடுக்கச் சொன்னா எடுப்பேன். உங்க பல்லு.”

என் பல். என் குரல். இரண்டும் என்னுடையதாக இருந்து என்ன பிரயோசனம், ஒரே வாய்க்குள் அடித்துக்கொள்கின்றன.

ஜூன் 29, ஞாயிறு

தம்பியைக் கேட்டேன். “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்க்கா” என்றான். எனக்கு எது சரியென்று பட்டிருந்தால் இவனை எதற்குக் கேட்கிறேன்?

முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை கழற்றிவிடுவது. பல் ஆடினால் ஆடட்டும். பல் எல்லோருக்கும்தான் விழுகிறது. நான் இந்த நிலையத்தில் இருந்தேன் என்பதற்கு வேறு என்ன மிச்சம் இருக்கும்? பெண்ணா பிள்ளையா? அந்தக் குரல் ஒன்றுதான். கிளினிக்குக்குச் சொல்லி நேரமும் வாங்கிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

எப்படி எழுதுவது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

கழற்றத்தானே போகிறோம், இனி என்ன பத்தியம் என்று மதியம் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கினேன். ஆசைதீரக் கடித்தேன். கடக் என்றது. கடைவாய்ப் பல்லைச் சுற்றியிருந்த உலோக வளையம் கழன்று கம்பியோடு தொங்கியது. கம்பி நுனி கன்னத்துக்குள் ஏறிவிட்டது. வாயை மூடினால் இன்னும் ஏறும். திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். எச்சிலும் ரத்தமும் சேலையில் ஒழுகியது. அடுத்தடுத்து வண்டிகளுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. என்னால் ஒரு எழுத்துச் சொல்ல முடியவில்லை.

தடதடவென்று படியேறும் சத்தம். கதவு திறந்தது.

“என் வண்டியை ஏன் இன்னும் சொல்லல? ஜனம் எல்லாம் வேற நடைமேடையில நிக்கு—”

சைரன் என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அன்றைக்கு நான் விரட்டியது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “நான் வரலாமா?” என்று கேட்டாள். அவள் குரலை அத்தனை மெதுவாக நான் கேட்டதே இல்லை.

தலையை ஆட்டினேன்.

முதலில் அவள் செய்தது என்ன தெரியுமா? ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே விட்டு, நின்ற வண்டிகள் எல்லாவற்றையும், எது எந்த நடைமேடை என்று, ஒரே மூச்சில் கத்திவிட்டாள். மைக் என் பக்கத்தில் சும்மா இருந்தது. “அதுல பேசினா எனக்குக் கூச்சம்க்கா” என்றாள்.

பிறகு கை கழுவினாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து வெந்நீரில் நனைத்தாள். டார்ச்சைத் தன் வாயில் கவ்விக்கொண்டாள். ஒரு கையால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அவ்வளவுதான். தாடையைப் பிடித்தாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து என் முகத்தை ஒருத்தர் தொட்டதில்லை. டாக்டரம்மா கையுறை போட்டுத்தான் தொடுவார்.

அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள்.

“அழுதா அசையுதுக்கா. அப்புறமா அழுங்க.”

சிரிப்பும் வந்தது. சிரித்தாலும் குத்தியது. “சிரிக்கறதையும் அப்புறமா வச்சுக்குங்க” என்றாள். கம்பியை மெல்ல இழுத்து வெளியே எடுத்து, நுனியை மடக்கி, மெழுகை உருட்டி வைத்தாள். நழுவவில்லை. இடத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்குமாம். அதுகூடத் தெரியாமல் எத்தனை மெழுகை முழுங்கியிருக்கிறேன்.

வாயை மூட முடிந்ததும் நான் முதலில் சொன்னது, பல் ஆடும் என்று டாக்டரம்மா பயமுறுத்தியும் புதன்கிழமை எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன், என் குரலைப் பதிவு பண்ணப் போகிறார்கள், காலத்துக்கும் இருக்கும் என்பதுதான். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏனோ இருந்தது.

அவள் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“பல்லு போயிடும்னு டாக்டர் சொல்றாங்கல்ல?”

“போனாலும் போகும்.”

“யாரு சொன்னாலும் வண்டி கெளம்பும்க்கா. இப்ப நான் சொல்லலையா, எல்லாரும் ஏறிட்டாங்க. பல்லு உங்க ஒருத்தருக்குத்தான்.”

சுருக்கென்றது. இத்தனை வருஷ வேலையை ஒரே வரியில் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டாளே. எனக்குக் கோபம் வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “கோவம் வரும். வரட்டும். எனக்கு வண்டிக்கு நேரமாச்சு” என்று இறங்கிப் போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டரம்மா கழற்றுகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு, “நிச்சயமா?” என்றார்.

“கழட்ட வேணாம். அந்த வளையத்தை மட்டும் திரும்ப ஒட்டிவிடுங்க.”

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். ஒட்டும் மருந்து கசந்தது.

ஏன் மாறினேன்? சைரன் சொன்னதாலா? அவள் சொன்னதில் பாதி தப்பு. யார் சொன்னாலும் வண்டி கிளம்பும், சரி. ஆனால் நான் சொன்னபோது நான் சொன்னேன். அது முடிந்துபோனது, அது நடந்தது, அதை ஒருவரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்குமேல் தூணில் தொங்கிக்கொண்டிருக்க எனக்கு என்ன அவசியம்? இப்படியெல்லாம் எழுதுகிறேன், ஆனால் உண்மையில் அந்த நாற்காலியில் சாய்ந்தபோது நினைத்தது ஒன்றுதான். கையோடு வந்துவிடும் என்று அன்று சொன்னார்களே, அந்த இரண்டு பல்லையும் நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

மேலாளரிடம் சொன்னேன். “அப்ப வேற குரல் பாத்துக்கறோம்மா” என்றார். “பாத்துக்குங்க சார்” என்றேன். வீரமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஜூலை 21, திங்கள்

புதுக் குரல் இன்று ஆரம்பம். சின்னப் பெண். சுத்தமான உச்சரிப்பு. ‘சிறப்புப் பேருந்து’ என்று சொல்லும்போது தேன் ஒழுகுகிறது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று காலையிலிருந்து காது கொடுத்துக் கேட்டேன். கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, கவுண்டரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

கவுண்டரில் முகம் தெரிகிறது. அவர்களுடையதும், என்னுடையதும். வாயைத் திறந்தால் முதலில் கம்பியைப் பார்க்கிறார்கள், அப்புறம் முகத்தை. சிலர், “அட, நீங்கதானா!” என்கிறார்கள். மைக் சம்பவத்தைச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. முதலில் குனிந்துகொண்டேன். மதியத்துக்கு மேல், “ஆமா, நான்தான். உங்களுக்கு எந்த வண்டி?” என்று கேட்கப் பழகிவிட்டேன்.

சாயங்காலம் கண்ணாடி ஓட்டை வழியே ஒரு கை நீண்டது. சைரன். “ஆ” என்றாள். வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். திறந்து காட்டினேன். “ம், நல்லா இருக்கு” என்று போய்விட்டாள். அடுத்து நின்ற பெரியவர் என்னையே பார்த்தார். “என்ன பாக்கறீங்க, உங்களுக்கும் காட்டணுமா?” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜூலை 27, ஞாயிறு

தலைவலி. மாத்திரை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் கதவு இடிபட்டது. இடிபட்ட விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

“அக்கா, எங்க தெருவுல தண்ணி வரல. இங்க குளிச்சுக்கட்டுமா?”

“என் வீடு எப்படித் தெரியும் உனக்கு?”

“ஊருக்கே தெரியும்க்கா” என்று உள்ளே போய்விட்டாள். நீ என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் சொல்லவில்லை.

குளித்து முடித்தாள். துணியையும் துவைத்துக் காயப்போட்டாள். காயும் வரை இருக்கிறேன் என்றாள். எனக்காக உருளைக்கிழங்கை மசித்தாள், உப்பு போட மறந்துவிட்டாள், அதற்கு ஒரு சண்டை. தங்கச்சி கதை, ஓட்டுநர் கதை, மேலாளர் படியேறும்போது மூச்சு வாங்குகிற கதை. அவள் பேச்சுக்கு மேலே போய்ப் பேசினால்தான் என் பேச்சு எடுபடும். நானும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியை எவ்வளவு கூட்டினாலும் எங்களுக்குக் கேட்கவில்லை. துணி எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் கிளம்பும்போது விளக்குப் போட வேண்டியிருந்தது.

இத்தனை வருஷம் காலையிலிருந்து மாலை வரை மைக்கில் பேசியும் ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியதில்லை. இன்றைக்குக் கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரலே வரவில்லை.